வாராமையும் அன்பும்

சாரற்காலத்தே உறவினர் ஒருங்கு கூடி அருவியாடி, திருக்குற்றாலநாதரை வழிபட்டு, ஒரு பந்தியில் அமர்ந்துண்ணல் தென்காசி, குற்றாலப் பகுதியில் நெடுநாள் வழக்கம். 2020 மார்ச்சு 25-இல் தொடங்கிய ஊரடங்கு அதனை அறுத்தது. கொரோனாப் பெருநோய்க்கு அஞ்சித் திருக்கோயில்கள் வழிபடுவார்க்கு அடைபட்டன, அருவியாடலும் தடுக்கப்பட்டது. நீர் வழக்கம்போல் வீழ்ந்தது, ஆடுவார் இலர்.

திருமணத்திற்கு 50 பேர், இறுதிக்கடனுக்கு 20 பேர் என்பது அவ்வாண்டு மே மாதத்து அரசு வரையறை. மணத்தைப் பற்றிக் கவலவேண்டா. விருந்து சுருங்கக் கடனும் சுருங்கிய குடும்பங்கள் உள. சாவுவீடே ஈண்டு ஆராயத்தக்கது. தமக்கை இறந்துழி அடுத்த ஊர்த் தம்பி வாராதிருந்தனன் என்க. அவன் கடமையில் வழுவினனோ?

தன்னுயிர்க்கு அஞ்சி நின்றானாயின் அது யாக்கைப் பற்று. குறி தோன்றாமுன்னரே பிறர்க்குத் தொற்றும் நோயாதலின், தன்னால் அவ்வீட்டு முதியோர்க்கு இடர் நேருமென்று நின்றானாயின் அஃது அன்பு. செயல் ஒன்றே, உள்ளம் இரண்டு. நிலையா உடம்பின்பொருட்டு அஞ்சலாமோ எனின், மாயையின் காரியமாகிய அவ்வுடம்பே உயிர் மலம் நீங்கிப் பக்குவமுறுதற்கு இறைவன் அளித்த கருவி. பிறர் கருவியைச் சிதைக்க ஒருவற்கு உரிமை யாது? வந்தார்க்கும் இஃதொக்கும். அன்பால் வந்தாரும் உளர். ஊர்ப்பழிக்கு அஞ்சி வந்தாரும் உளர்.

ஆயினும் ஒருவன் உள்ளத்தைக் காணாமலே சுற்றத்தார் தீர்ப்புரைத்துவிட்டனர். வாராதவன் குற்றமிலன் எனத் தெளிந்தவிடத்தும், காணாத முகம் காணாததே. அவ்விழப்பை நிலையாமை பேசி மறைத்தல் தகாது. பின்வந்த திதியில் அவன் வாயிலில் நின்றபொழுது, சில வீடுகளில் ஒன்றும் வினவாது இலை போட்டனர். வேறு சில வீடுகளில் அழைப்பே போகவில்லை.