ஓட்டை இல்லாத தரையில் ஓர் ஒட்டு

நல்ல தகட்டில் துளை போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெல்டு வைத்து, தேய்த்து, விரல் வைத்தால் வழுக்குகிற பதத்துக்குக் கொண்டுவந்திருந்த புதுத் தகடு அது. அதன் மேல் ஒரு பழைய மஞ்சள் நம்பர் பிளேட்டை வைத்து, பிளேட்டின் ஓரங்களில் இருந்த துளைகள் வழியே தகட்டில் அடையாளம் குத்தி, ஒவ்வோர் இடமாக டிரில் பண்ணினார் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு செம்பு ரிவிட் வைத்து பிளேட்டை வண்டித் தரையோடு அடித்துப் பொருத்தினார். ஒட்டுப் போட்டாயிற்று. ஆனால் அதற்கு அடியில் மூடுவதற்கு ஓட்டை எதுவும் இல்லை.

அன்றிலிருந்து இது என்னை விடவில்லை.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகள் சூழ்ந்த மொடெஸ்டோவில். பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா தோப்பு வைத்திருந்தவர். அப்பா ஓட்டிய 1954 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தன் வீட்டு கராஜுக்கு இழுத்துவந்து ஹாட் ராடாக மாற்றிக்கொண்டிருக்கிறார். வழக்கமாக உதவிக்குப் போவது என் வீட்டுக்காரர்தான். அன்று அவர் வெளியூரில். ரிவிட் தலைக்குக் கீழே கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார், நான் போனேன். கேபினைத் தனியாகக் கழற்றி ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார். அவர் மேலே இருந்து அடித்த ஒவ்வோர் அடியும் என் மணிக்கட்டில் வந்து இறங்கியது. கேட்டதையும் பார்த்ததையும் மறந்துவிடலாம். கையில் வாங்கியது அப்படி மறக்கிறதில்லை.

அந்த வண்டியில் அவர் எதை எல்லாம் மாற்றிவிட்டார் என்று சொன்னால்தான் என் குழப்பம் புரியும். பழைய வண்டியில் இருந்தது 223 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 115 குதிரைத்திறன். ஆறு வோல்ட் மின்சாரம். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன்பக்கம், நம்மூர் லாரி மாதிரியே, ஸ்பிரிங் பட்டைக் கட்டோடு பிணைத்த ஒற்றை ஆக்ஸில். எல்லாமே போய்விட்டன. போலீஸ் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு கிரவுன் விக்டோரியாவை வாங்கி, அதன் முன்பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டார். 2003-லிருந்து வந்த அந்தக் கார்களில் முன் சஸ்பென்ஷன் ஓர் அலுமினியக் கட்டமைப்பில் மொத்தமாகக் கழன்று வரும். ரேக் அண்டு பினியன் ஸ்டியரிங்கும் டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்துவிடும். அதனால்தான் இந்தப் பிக்கப்புகளை வீட்டில் வைத்துக் கட்டுகிறவர்கள் அந்தக் காரைத் தேடிப் போகிறார்கள். 4.6 லிட்டர் வி8 எஞ்சினும் அதே காரிலிருந்துதான். ஏறக்குறைய 250 குதிரைத்திறன். இத்தனை வேகத்தைப் பழைய டிரம் பிரேக்கை நம்பி ஓட்ட முடியாது. ஒன்றை மாற்றினால் அதற்காக இன்னொன்று என்று மாறிக்கொண்டே போனது. அப்பாவின் வண்டியில் அப்பா காலத்தது என்று இப்போது மிஞ்சியிருப்பது கேபின், கதவுகள், பின்தொட்டி, அடிச்சட்டம். சட்டத்தில் அடித்த எண்ணை மட்டும் தொடக் கூடாது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அந்த எண்தான் வண்டி.

இதில் எதற்கும் அவர் கலங்கவில்லை. ஹாட் ராட் என்கிற கலையே கழிப்பதில் பிறந்ததுதான். 1930-களில் தெற்குக் கலிபோர்னியாப் பையன்கள் மலிவாகக் கிடைத்த பழைய மாடல் டி, மாடல் ஏ ஃபோர்டுகளை வாங்கினார்கள். மட்கார்டு, பம்பர், கூரை என்று ஓடுவதற்குத் தேவையில்லாதது அத்தனையும் கழற்றி எறிந்துவிட்டு, மியுராக் என்ற வறண்ட ஏரிப் படுகைக்குக் கொண்டுபோய் எவ்வளவு வேகம் வருகிறது என்று பார்த்தார்கள். கையில் காசில்லை. எடையைக் குறைப்பதற்கு மட்டும் காசு வேண்டியதில்லை. 1937-லேயே இதற்கென்று ஒரு சங்கம் கண்டுவிட்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் ராணுவத்தில் கற்ற வேலையோடு இதில் இறங்க, 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்றே ஒரு பத்திரிகை வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த வழியில் வந்தவர். முன் பம்பரைக் கழற்றிய நாளில், வேலை செய்யாத எதுவும் இந்த வண்டியில் இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதை வேலி ஓரமாக நின்று நானே கேட்டேன்.

அப்படிச் சொன்ன மனிதர், வேலை செய்யாத ஒன்றைப் பொருத்துவதற்காக நல்ல இரும்பைத் துளைத்தார்.

அந்த பிளேட்டின் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கலிபோர்னியாவில் 1956-ல் கொடுத்தவை மஞ்சளில் கறுப்பு எழுத்துப் பிளேட்டுகள். 1963-ல் அரசு எல்லாருக்கும் கறுப்பில் மஞ்சள் எழுத்தாகப் புதிது கொடுத்தது. அதனால் பழைய மஞ்சள் பிளேட்டுகள் வீடு வீடாக, கொட்டகை கொட்டகையாகச் சும்மா கிடந்தன. பன்னிரண்டு அங்குலத்துக்கு ஆறு அங்குலம், துரு ஏறாத பெயின்ட் பூச்சு. ஒட்டுப் போட இதைவிட வாகான தகடு விவசாயிக்கு எங்கே கிடைக்கும்? ரப்பர் விரிப்புக்கு அடியில் ஈரம் தங்கித் தங்கி இடப்பக்கமோ வலப்பக்கமோ கேபின் தரை அரித்துப்போவது இந்த வண்டிகளுக்குப் பொதுவான நோய். இவருடைய அப்பாவின் வண்டியில் அரித்தது டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடி. அப்பா பிளேட்டைக் கத்தரித்து ரிவிட் அடித்துவிட்டார். அரித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தாலும், மகன் அந்த ஒட்டை விடவில்லை.

"மேலே விரிப்பு வந்துவிடும். யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லையே?" என்று கேட்டேன்.

"அந்த மூலையைத் தொட்டுப் பாருங்கள்" என்றார்.

தொட்டேன். தகரக் கத்தரியால் வெட்டிய கோணல் விளிம்பு. மற்ற மூன்று மூலைகளும் வெட்டியபடியே கூர்மையாக இருந்தன. கதவுப் பக்கத்து மூலை மட்டும் உள்ளே மடக்கி, சுத்தியலால் தட்டி மழுக்கப்பட்டிருந்தது. அந்த இருக்கையில் வெறுங்காலோடு உட்கார்ந்து தோப்புக்குப் போய்வந்த பையன் அவர். ஏறி இறங்கும்போது கால் படுகிற மூலை அது.

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த மடிப்பை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் தடவிப் பார்த்துவிட்டேன்.

நான் வளர்ந்தது நாமக்கல்லில். வண்டி என்றால் எங்களுக்கு லாரி. என் சின்ன வயதில் தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் மட்டும் ஓடி வரும். கேபின் கிடையாது, கதவு கிடையாது. எஞ்சினும் சட்டமும் சக்கரமும், அதன் மேல் ஒரு தற்காலிக இருக்கை. தலையில் துண்டைச் சுற்றி, தூசிக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காற்றுக்கு முகம் கொடுத்தபடி டிரைவர் ஊர் ஊராகக் கடந்து ஓட்டிவருவார். இங்கே வந்து, மட்கார்டு இல்லாமல் எஞ்சின் வெளியே தெரிய ஓடுகிற ஹாட் ராடுகளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு விநோதமாகவே இல்லை. பாடி கட்டுகிற பட்டறைக்குப் போகிற வண்டி என்றுதான் தோன்றியது.

என் மாமாவிடம் ஒரு லாரி இருந்தது. அந்த லாரிதான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் அடுப்பு எரிய வைத்தது. ஓய்ந்து போனபோது அதைக் காயலான் கடைக்குக் கொடுத்தார். ஆரனையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாம் மாமா என்று நான் அழுதிருக்கிறேன். "சோறு போட்டுச்சு, போகுது. அதைய எடுத்து வெச்சு என்ன சாமி பண்றது?" என்றார். அவருக்கு அந்த லாரி மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ராத்திரி டார்ச் அடித்துக் கட்டுப் பட்டையில் விரிசல் பார்க்கிறவர். பிரியம் முழுவதையும் வண்டி ஓடுகிற காலத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. மிச்சம் வைக்கவில்லை, அதனால் எடுத்து வைப்பதற்கும் எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி இல்லை. வண்டியைப் பல வருஷம் கொட்டகையில் விட்டுவிட்டு, அப்பா போன பிறகு திரும்பி வந்தவர்.

கல்லூரி நாளில் டாம் வுல்ஃப் எழுதிய ஒரு கட்டுரை படித்தேன். 1963-ல் 'எஸ்கொயர்' பத்திரிகைக்காகக் கலிபோர்னியாவின் கஸ்டம் கார்களைப் பார்க்கப் போய் எழுதியது. ஜார்ஜ் பாரிஸ், எட் ராத் போன்றவர்களின் பட்டறைகளைச் சிற்பக்கூடத்தைப் பார்க்கிற மரியாதையோடு அவர் பார்த்தார் என்பது மனதில் நிற்கிறது. வளைவு, வண்ணம், பளபளப்பு. இந்தக் கார்களைக் கலை என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் என்பதற்காக அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கட்டுரையை இப்போது நினைக்கிறபோது, அந்தக் கார்களில் அதற்கு முன் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது என் ஞாபகத்தில் எங்குமே இல்லை. உருவத்தைக் கொண்டாடும்போது முந்தைய ஆள் காணாமல் போகத்தான் வேண்டுமோ?

எனவே அந்த மடிப்பைக் காப்பாற்றியது சரி என்று ஒரு முடிவுக்கு வந்தேன். அதுவும் நிலைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்து கேட்டவுடன் சொன்னார்: தகட்டின் மேல் தகடு வைத்தால் இடையில் ஈரம் புகும், புகுந்தால் வெளியே வராது, துரு அங்கேதான் பிடிக்கும். கார் பாடி வேலை தெரிந்த யாரும் இதையேதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது தெரியும். சுற்றிலும் சீலர் பூசித்தான் இருக்கிறார். சீலர் என்றைக்காவது விரியும். அப்படியானால் அந்த ஒட்டு, தான் மூட வேண்டிய ஓட்டையைத் தானே உண்டாக்கப் போகிறது. நல்ல தரை, அப்பாவின் ஒட்டினாலேயே, அப்பாவின் தரை அரித்த அதே இடத்தில் அரிக்கலாம்.

இது எனக்குள் வண்டி விஷயமாக நிற்காமல் போனது இந்த இடத்தில்தான்.

என் அம்மா உலைக்கு அரிசி அளந்த பிறகு ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பிடி அரிசி. எங்கள் தெருவில் பல வீடுகளில் உண்டு. மாமாவின் லாரி வேலையில்லாமல் நின்ற ஒரு வருஷத்தில், மாதக் கடைசியில் அந்தப் பானைதான் எங்களைக் காப்பாற்றியது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பானையின் அடியில் கை உரசுகிற சத்தம் மட்டும் சமையலறையிலிருந்து கேட்கும். இன்று இந்த வீட்டில் இருபது பவுண்டு மூட்டை தீர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆனாலும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை என் கை தானாக எடுத்து ஒரு டப்பாவில் போடுகிறது. போடாவிட்டால் அம்மா இல்லாமல் சமைத்த மாதிரி இருக்கிறது.

என் மகளுக்குப் பசி என்றால் ஃப்ரிட்ஜைத் திறப்பது. அப்படியே இருக்கட்டும், அதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தோம். கொஞ்ச நாளாக அவள் தட்டில் போட்டதை எல்லாம் மிச்சமில்லாமல் சாப்பிடுகிறாள், வயிறு நிறைந்த பிறகும். தோழிகளோடு வெளியே போனால், நமக்குக் கட்டுமா என்று கேட்கிறாள். நான் கற்றுக்கொடுக்கவில்லை. சிக்கனம் நல்லதுதானே என்று ஒரு மனசு சொல்கிறது. அவள் குரலில் நான் கேட்டது சிக்கனமா, அம்மாவின் அந்தப் பானை உரசுகிற சத்தமா என்று இன்னொரு மனசு கேட்கிறது. இல்லாத ஓட்டைக்கு நான் தினம் ஒரு பிடி ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்ததில், அவளுக்குள் எங்காவது ஈரம் புகுந்துவிட்டதோ?

பெற்றவர்கள் விட்டுப்போவதில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது: அவர்களை அரித்தது ஒன்று, அரித்த இடத்தில் நம் காலில் படாமல் அவர்கள் மடக்கி வைத்த மூலை இன்னொன்று. மடிப்பை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை ஒருநாள் கேட்டேன், அரிசிக் கதையையும் சொல்லி. பிளேட்டை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாமே, அங்கே துரு ஏறாதே என்றேன். வெகுநேரம் யோசித்தார். சுவரில் மாட்டினால் அது அப்பாவின் பிளேட், காலடியில் இருந்தால்தான் அப்பா செய்த வேலை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் துருவைப் பற்றிச் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தரையில் பொருத்த எனக்கு வழி தெரியவில்லை.

மகளிடம் அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். சொன்னால், அவள் கேட்டதற்கு ஒரு காரணம் கிடைத்து, பாரம் குறையலாம். அல்லது இதுவரை அவளுக்கு இல்லாத ஒரு பசியை நானே அவளுக்குக் கொடுத்தது போலவும் ஆகலாம். அம்மா எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. அது மடக்கிய மூலையா, மூடிய ஓட்டையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. டப்பாவில் அரிசி போடுவதை நிறுத்தவும் இல்லை. நிறுத்த வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் தோன்றவில்லை.