கொடுத்த உடலும் எடுத்த உடலும்

மருத்துவக் கல்லூரியில் காலடி எடுத்து வைக்கும் இளைஞர் தம் படிப்பின் தொடக்கத்தில் நெருங்கிப் பழகும் மனிதர் நோயாளி அல்லர், இறந்துபோன ஒருவர். பார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும் ஒரு கூடத்தில், மேசைமேல் கிடத்தப்பட்ட உடலைச் சூழ்ந்து நின்று, தோலை விலக்கி, தசையைப் பிரித்து, ஒரு நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மாதக்கணக்கில் தேடிக் கற்கிறார். அடுத்த வகுப்பு உடலியங்கியல். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இதயம் துடிக்கிறது; சிறுநீரகங்கள் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. முதல் வகுப்பு அசைவற்ற உடலைக் காட்டுகிறது. இரண்டாவது அது இயங்கிய விதத்தைக் கூறுகிறது. இரண்டையும் சேர்த்துக் காண்பவர் வியக்காமல் இருக்க முடியாது.

வியப்போடு ஒரு வினாவும் எழவேண்டும். மேசைமேல் கிடக்கும் இவர் யார்? இங்கே வர இவர் இசைந்தாரா? இசையவில்லையெனில், இவருடைய உடலிலிருந்து நாம் கற்பது எந்த உரிமையால்? இறந்தவருக்கு வலியில்லை, இழப்பில்லை, ஆகவே இது வீண் வினா என்று ஒதுக்கிவிடலாமா? சற்று நின்று சிந்திப்போம்.

முதலில் ஒன்றை ஏற்றாக வேண்டும். மனித உடலைத் திறந்து பாராமல் மருத்துவம் வளர்ந்திருக்க முடியாது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மாமருத்துவர், மனித உடலை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அன்றில்லாததால், குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்தே பெரும்பாலும் கற்றார். அவர் எழுதியவை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வேதவாக்காகக் கொள்ளப்பட்டன. மனிதனின் கீழ்த்தாடை இரு எலும்புகளால் ஆனது என்றார் அவர். அது ஒரே எலும்பு என்று காட்டியவர் பதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்திரேயாஸ் வெசாலியஸ். தம் கையாலேயே அறுத்து, தம் கண்ணாலேயே கண்டு அவர் எழுதிய பெருநூல் 1543ஆம் ஆண்டு பாசல் நகரில் வெளிவந்தது. அதே பதுவையில் பயின்ற வில்லியம் ஹார்வி, இதயம் அரைமணி நேரத்தில் வெளியேற்றும் இரத்தம் உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சும் என்று கணக்கிட்டு, இரத்தம் சுற்றியே வரவேண்டும் என்று 1628இல் நிறுவினார்.

திருச்சபை இதற்குத் தடை விதித்தது என்று சிலர் கூறுவதுண்டு. 1299இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் தடுத்தது வேறொன்றை. தொலைநாட்டில் இறந்தோரின் எலும்புகளை ஊருக்குக் கொண்டுசெல்வதற்காக உடலைக் கூறுபோட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கத்தையே அவர் கண்டித்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பொலோஞ்ஞா நகரில் மொந்தீனோ என்பவர் மாணவர் முன்னிலையில் மனித உடலை அறுத்துக் காட்டி, 1316இல் அதற்கென ஒரு பாடநூலும் எழுதினார். உண்மையை அறிய உடலைத் திறப்பது அறத்துக்கு மாறானதன்று. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அறிவியல் ஆய்வுக்காக உடலை அறுப்பதற்கு இடந்தருகிறது. இறந்தோர் உடலை மதிப்போடு நடத்தவேண்டும் என்றும் அங்கேயே வலியுறுத்துகிறது.

சிக்கல் அறுப்பதில் இல்லை; எவருடைய உடல், எவ்வழியில் வந்தது என்பதில் இருக்கிறது. இளைஞராயிருந்தபோது வெசாலியஸே லூவேன் நகர்ப்புறத்தில் தூக்குமரத்தில் தொங்கிய ஒருவரின் எலும்புக்கூட்டைக் கமுக்கமாக எடுத்துச் சென்றவர்தாம். இங்கிலாந்தில் 1752இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவரின் உடலை அறுக்கவோ பொதுவிடத்தில் தொங்கவிடவோ ஆணையிட்டது. அறுக்கப்படுவது சாவுக்கு மேல் ஒரு தண்டனையாயிற்று. மாணவர் தொகை பெருகியது. தூக்குமரம் தந்த உடல்கள் போதவில்லை. கல்லறைகள் இரவோடு இரவாகத் தோண்டப்பட்டன. எடின்பரோவில் 1828இல் பர்க், ஹேர் என்னும் இருவர் பதினாறு பேரைக் கொன்று, உடல்களை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றது வெளியாயிற்று. நாடு அதிர்ந்தது. அதன்பின் 1832இல் வந்த சட்டம், ஏழையர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து எவரும் உரிமை கோராத உடல்களைக் கல்லூரிகளுக்குத் தர வழிசெய்தது. கொலைகாரனுக்கு விதித்திருந்த தண்டனை ஏழைக்கு இடம் மாறிற்று. அன்று வகுத்த அந்த வழியே நம் நாட்டின் உடற்கூறியல் சட்டங்களிலும் தொடர்ந்து வந்திருக்கிறது.

'உரிமை கோரப்படாத உடல்' என்னும் தொடரை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பேருந்து நிலையத்தில் படுத்துறங்கிய முதியவர், பிழைப்புத் தேடி வந்து காய்ச்சலில் மாண்ட தொழிலாளி, உறவினர் இருந்தும் செய்தி எட்டாதவர், செய்தி எட்டியும் உடலை ஊருக்குக் கொண்டுசெல்லப் பணமில்லாத வீட்டார் என்று எத்தனை பேருடைய வாழ்வு அத்தொடரில் புதைந்திருக்கிறது! உயிரோடு இருந்தபோது அவர்களுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. இறந்த பின்னும் கேட்கவில்லை.

கேளாமல் எடுக்கும் வழக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கடந்த நூற்றாண்டு காட்டிற்று. வியன்னாவில் எடுவார்டு பெர்ன்கோப் உருவாக்கிய உடற்கூற்றுப் பட நூல் அழகிலும் நுட்பத்திலும் இணையற்றது என்று பலராலும் போற்றப்பட்டது. நாசி ஆட்சிக் காலத்தில் கொல்லப்பட்டோரின் உடல்கள் குறைந்தது 1,377 அவருடைய நிறுவனத்துக்கு வந்தன என்று வியன்னாப் பல்கலைக்கழகம் தானே நடத்திய விசாரணை 1998இல் கண்டறிந்தது. பெர்லினிலும் அவ்வாறே கொல்லப்பட்ட பெண்களின் உடல்கள் ஆய்வுக்குள்ளாயின. அவற்றிலிருந்து எடுத்துவைத்த ஏறத்தாழ 300 திசுத் துணுக்குகள் பல்லாண்டுகளுக்குப் பின் கிடைத்தபோது, 2019 மே மாதம் அவை கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய, நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் துணுக்குகள்! அவற்றுக்கு ஏன் அடக்கம்? அவை ஒருவருடையவை என்பதால்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலிமையானதே. "கொடையாளருக்காகக் காத்திருந்தால் மருத்துவர் உருவாவது எப்படி? கேட்பாரற்ற உடல் எப்படியும் மண்ணுக்கோ நெருப்புக்கோதானே போகும்? இறந்தவருக்கு இதனால் என்ன தீங்கு?"

இறந்தவருக்கு வலியில்லை என்பது மெய். ஆனால் வலியில்லாத இடத்தில் கடமையும் இல்லையா? தந்தை எழுதிவைத்த உயிலை, அவர் அறியப்போவதில்லை என்று கிழித்தெறியும் மகனை நாம் பாராட்டுவதில்லை. தாய் சாகும்போது கேட்டுக்கொண்டதைக் காக்கும் மகளை அறிவிலி என்று எவரும் சொல்வதில்லை. எதிர்த்துப் பேச இயலாதவரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையே நம் அறத்தின் உண்மையான அளவுகோல். மருத்துவருக்கோ இப்பயிற்சி மிகவும் தேவை. நாளை மயக்கமருந்தில் கிடக்கும் நோயாளியும் அவரிடம் மறுத்துப் பேச இயலாதவரே.

தேவை என்னும் வாதத்தையும் நாம் தள்ளிவிடவில்லை. தேவை இசைவு தரலாம், கடனைத் தீர்த்துவிடாது. தேர்ந்த அறுவை மருத்துவரின் கையால் நலம் பெறுவோர் நாம் அனைவரும். அந்தக் கைக்குப் பயிற்சி தந்த உடல்களோ பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். பயன் எல்லாருக்கும், சுமை வாயற்றவருக்கு மட்டும் என்பது நீதியாகாது. இந்நீதியின்மையைக் கல்லூரிகள் மட்டும் போக்கிவிட முடியாது. வாயுள்ளவர்கள், உறவுள்ளவர்கள், உயில் எழுதக்கூடியவர்கள் தாமாக முன்வந்து தம் உடலைக் கொடுத்தால்தான், வாயற்றவரிடமிருந்து எடுக்கும் தேவை ஒழியும்.

நம் மக்கள் தயங்குவதை நாம் அறிவோம். "சாமி, அப்பாவை அறுக்கக் கொடுத்தால் உயிர்ப்பு நாளில் எப்படி எழுவார்? கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியை எங்கே ஏற்றுவோம்?" என்று கேட்பவர்களைப் பங்குகளில் பார்க்கிறோம். முதல் கேள்விக்குப் புனித அகுஸ்தினார் அன்றே விடை தந்துவிட்டார். விலங்குகளுக்கு இரையான மறைசாட்சியரும் உயிர்ப்பில் எதையும் இழக்கமாட்டார். அடக்கச் சடங்குகள் இறந்தவருக்கு உதவி என்பதைவிட உயிரோடிருப்போருக்கு ஆறுதல் என்றார் அவர். அதற்காக உடலை இழிவாகக் கருதலாகாது என்றும் உடனே சேர்த்துரைத்தார்.

இரண்டாம் கேள்வி அறியாமையால் எழுந்ததன்று, அன்பால் எழுந்தது. அதற்கு வாதத்தால் விடை கூற இயலாது, செயலால்தான் கூறவேண்டும். தாய்லாந்தில் உடற்கொடையாளரை மாணவர்கள் 'பேராசான்' என்று அழைக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் ஈமச் சடங்குகளோடு வழியனுப்புகிறார்கள். தைவானில் புத்த அறநிறுவனம் ஒன்று நடத்தும் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொடையாளரின் வீட்டாரைச் சந்தித்து, அவர் வாழ்ந்த வாழ்வைக் கேட்டறிந்த பின்னரே கத்தியைக் கையிலெடுக்கிறார்கள்; இறுதியில் உடலைத் தைத்து, உடுத்தி, தாமே சுமந்து செல்கிறார்கள். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் அறுக்கத் தொடங்குமுன் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கும் வழக்கம் வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆண்டுக்கு ஒருமுறை கொடையாளரின் குடும்பத்தாரை அழைத்து நன்றி கூறுவதும், இறந்தோர் நினைவாக ஒரு கல் நாட்டுவதும் எந்தக் கல்லூரிக்கும் இயலாதவை அல்ல. மெழுகுதிரி ஏற்ற ஓர் இடம் அப்போது கிடைத்துவிடும்.

2010ஆம் ஆண்டு சனவரியில் மறைந்த மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசு தம் கண்களையும் உடலையும் மருத்துவத்துக்குக் கொடுத்தார். மறுவாழ்வை எதிர்நோக்காத ஒரு பொதுவுடைமைத் தலைவர் கொடுத்ததை, உயிர்ப்பை அறிக்கையிடும் நாம் கொடுக்கத் தயங்குவது ஏன்?

கொடுக்க விரும்புவோர் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் எழுதிக் கொடுக்கலாம். மனைவி மக்களிடம் இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். நாம் கண்மூடிய பின் கொடுக்கவேண்டியவர்கள் அவர்களே. இறுதித் திருப்பலிக்கு எத்தடையும் இல்லை. கொடுக்க இயலாதவர்களும் ஒன்று செய்யலாம். வரும் நவம்பரில் கல்லறைத் தோட்டத்தில் நம் சொந்தங்களுக்காகச் செபிக்கும்போது, கல்லறையின்றி, பெயரின்றி, நம் மருத்துவருக்குக் கற்றுக்கொடுத்துச் சென்ற அந்த ஏழைகளுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம்.