திருநீற்றுப்பச்சிலையும் ஜின்னும்

திருநீற்றுப்பச்சிலையில் ஏழெட்டு இலை போதும். இடிக்கக் கூடாது, கசப்பு இறங்கிவிடும். உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டு, வாசம் எழுந்துவிடும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் அந்த இலை, 45 மில்லி ஜின், அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி நன்னாரி சர்பத், ஒரு கை ஐஸ். கால் நிமிடம் குலுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, மேலே சோடா. சித்திரை மாதம் தஞ்சாவூர் மாடி வீட்டில் மாலை ஆறு மணிக்கும் சுவர் சுடும். அந்த நேரத்துக்கு இது இதம். ஜின்னுக்கு ஆதார வாசம் ஜூனிப்பர் காய். அதற்கடுத்துப் பெரும்பாலான ஜின்களில் சேர்வது நம் கொத்தமல்லி விதை. நம்மூர் இலைகளோடு அது ஒத்துப்போவதற்கு அதுதான் காரணம் போலும்.

இதை ஓர் ஆண் எழுதினால் செய்முறைக் குறிப்பு. நான் எழுதினால் வாக்குமூலம். மாதத்துக்கு எத்தனை முறை, எத்தனை கோப்பை என்று உடனே கணக்கு ஒப்பிக்க மனம் துடிக்கிறது பாருங்கள், அந்தத் துடிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணக்கு ஒப்பிக்கப் போவதில்லை.

வகுப்பில் புறநானூற்று 235ஆம் பாட்டுக்கு வரும்போது மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இறந்துபோன அதியமானை நினைத்து ஔவை பாடியது. அவனோடு கள்ளைப் பகிர்ந்து உண்ட நாட்களை அவள் மறைக்கவில்லை. ஔவை என்றால் அவர்களுக்குக் கோலூன்றிய பாட்டி, 1953இல் வந்த படத்தின் கே.பி.சுந்தராம்பாள். பிற்கால ஔவை வேறு, சங்க ஔவை வேறு என்று விளக்குவேன். ஆனால் அவர்கள் கேட்க நினைப்பது அதுவல்ல, “குடிச்சாங்களா மேம்?” என்பதுதான். குடித்தாள். நட்பின் நினைவாக அதைச் சொன்னாள். இன்னும் நம் பக்கத்துக்கு வாருங்கள். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையில், காதலரோடு இரவைக் கழிக்கும் பெண்கள் கள்ளை விலக்கி மதுவை விரும்பி அருந்துகிறார்கள். புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதற்காக யாரையும் கடிந்துகொள்ளவில்லை. புறநானூறு 56இலோ யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியனுக்குப் பெண்கள் ஊற்றித் தருகிறார்கள். ஊற்றும் கையாக மட்டும் இருக்கும் பெண்ணை எந்தக் காலத்துக்கும் உறுத்தியதில்லை.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அதற்கு முன் வரைவின்மகளிர், பின் சூது. அந்த வரிசையில் பெண் குடிப்பவள் அல்ல. கள்ளையும் சூதாட்டக் காயையும் போல ஆண் விலக்க வேண்டிய பொருள்களில் ஒன்று. கள்ளுண்ணாமைக்குள் வந்தாலும் பெற்ற தாயாக, மகன் குடித்து வந்த முகத்தைப் பார்க்கும் சாட்சியாகத்தான் வருகிறாள். வள்ளுவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல, பேசப்படுவது யாரிடம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

இது நமக்கு மட்டுமான வழக்கமும் அல்ல. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் மலிவு ஜின் ஏழைகளைச் சீரழித்தபோது, 1751இல் ஹோகார்த் வரைந்த ‘ஜின் சந்து’ படத்தின் நடுவில் அமர்ந்திருப்பவள் ஒரு பெண். போதையில் அவள் மடியிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. ஊரே குடித்துக்கொண்டிருக்க, பழியைச் சுமக்க ஒரு தாய் தேவைப்பட்டாள்.

இத்தனையும் எனக்குச் சாதகமான வாதம். இங்கேயே முடித்தால் ‘என் கோப்பை என் விருப்பம்’ என்று முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை.

காரணம், எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. வெண்ணாற்றுப் பக்கத்துக் கிராமம், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். கணவர் கூலியில் பாதி வீடு வந்து சேர்வதில்லை. மாடித் தொட்டியில் இலை பறித்துக்கொண்டிருந்த என்னிடம் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: “நீங்க குடிச்சுட்டு யாரை அடிப்பீங்க டீச்சரம்மா?”

ஒழுக்க நூல்கள் கேட்காத கேள்வி இது. அவர் கணவர் போதையில் பண்ணை முதலாளியை அடித்ததில்லை. கந்துவட்டிக்காரரிடம் குரல் உயர்த்தியதில்லை. எத்தனை குடித்தாலும் எந்த வாசலில் கை ஓங்கலாம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அந்த உரிமையைப் பாட்டில் தரவில்லை, முன்பே இருந்தது. அதற்காகக் கடை நிரபராதி ஆகிவிடாது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003இல் சில்லறை விற்பனையையும் கையிலெடுத்தது. அதிலிருந்து அரசே கடைக்காரர். நான் குடிக்கும் ஜின்னின் வரியும் அதே கல்லாவில்தான் விழுகிறது.

என் கோப்பையை இதமாக்குவது நன்னாரி மட்டுமல்ல. என் பெயரில் வரும் சம்பளம், உள்ளே தாழிட்டுக்கொள்ளும் கதவு, மறுநாள் யாரும் கேள்வி கேட்காத மாடி. இவை இல்லாத பெண்ணிடம் போய் விருப்பம், சுதந்திரம் என்று பேச எனக்கு நாக்கு எழாது. என் சுதந்திரமும் அப்படியொன்றும் முழுசில்லை. கடை வரிசையில் நான் நின்றால் யாராவது செல்போனைத் தூக்குவார்கள். பாட்டிலை வாங்கித் தருவது தோழியின் கணவர்.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் பெரியாரின் துணைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும். அந்த மரபில்தான் இன்றும் கிராமத்துப் பெண்கள் கடை வாசலில் உட்காருகிறார்கள். அக்காவின் ஊர்ப் பெண்கள் கடையை அகற்றச் சொல்லி ஆட்சியருக்கு மனு எழுதித் தரக் கேட்டார்கள். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். “நீங்களே குடிக்கிறீங்க, இதுல எப்படி?” என்றார் சக ஆசிரியர் ஒருவர். பூரண மதுவிலக்கு கேட்கவில்லை, நடவுக்குப் போகும் பாதையில் கடை வேண்டாம் என்று கேட்கிறார்கள் என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. அவர் மாலையில் எங்கே போவார் என்பது துறைக்கே தெரியும். அவரிடம் யாரும் தகுதி கேட்டதில்லை.

மனுவை வாசித்துக் காட்டியபோது அக்கா இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னார். ஆம்பளையாள் கூலியில் பாதியைப் பண்ணையில் வைத்தே பெண்டாட்டி கையில் கொடுக்க வேண்டும். அதை ஆட்சியர் செய்ய முடியாது என்றேன். “எழுதுங்க டீச்சரம்மா, படிக்கட்டும்” என்றார். ஐந்தாவது கோரிக்கையாக எழுதினேன்.