பாதியில் மூடுவதற்கு ஒரு புத்தகம்

முப்பது ஆண்டுகளாகக் கதையும் கட்டுரையும் எழுதி வருகிற நான், வாசகர் ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் அடுத்த பக்கத்துக்குக் கை தானாகப் போக வேண்டும், கண் அயர்ந்தாலும் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரக் கூடாது என்பதையே இத்தொழிலின் தர்மமாகக் கொண்டிருந்தேன். என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீடு வந்து ஐந்து மாதம் எங்களோடு தங்கியிருந்த காலத்தில், அவள் இரவு வேளையில் குழந்தைக்கு வாசித்துக் காட்டவென ஒரு சித்திரப் புத்தகம் எழுத உட்கார்ந்தபோதுதான், அந்தத் தர்மத்தை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, எந்தப் பக்கத்திலும் மூடிவிடக் கூடிய, மூடினாலும் குறையென்று எதுவும் தோன்றாத ஒரு நூலை எப்படி எழுதுவது என்ற கேள்வி என் முன் வந்து நின்றது.

முதலில் அந்நூல் யாருக்கு என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. பச்சைக் குழந்தையின் கண்ணுக்குச் சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு துலக்கமாகத் தெரியும் என்கிறார்கள். மடியில் கிடந்து பால் குடிக்கும் சிசுவுக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே, நாம் எத்தனை சிரத்தையோடு படம் தீட்டினாலும், ஆரம்ப மாதங்களில் அது விரும்பிப் பார்க்கும் சித்திரம் தாயின் முகம்தான். செவியின் விஷயம் வேறு. 1986இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், கர்ப்பிணிகள் சிலர் கடைசி ஆறு வாரங்கள் நாள்தோறும் ஒரே கதைப் பகுதியை உரக்க வாசித்தார்கள். பிறந்து சில நாளே ஆன அவர்களுடைய குழந்தைகள், ரப்பர்க் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றினால் கதை கேட்கும்படி அமைத்தபோது, புதிய கதையைவிடக் கருவிலேயே கேட்டுப் பழகிய கதையையே நாடின. அதை வேற்றுப் பெண்ணொருத்தி வாசித்தபோதும் நாடின. பொருள் என்ற ஒன்று உண்டென்றே அறியாத ஜீவன், சொல்லின் நடையை அதற்குள் அறிந்து வைத்திருக்கிறது. அப்படியானால் பொருள் யாருக்கு? வாசிக்கிறவளுக்குத்தான்.

இது புத்தியில் பட்டதே தவிர, கையில் படியவில்லை. என் முதல் பிரதியில், ஆற்றங்கரையில் அசையும் நாணல்களுக்கிடையே அன்னையைத் தேடி அலைந்தது ஓர் ஆனைக்குட்டி. மோனைக்காகவே பல சொற்களைத் தேடிக் கோத்திருந்தேன். பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். அன்றிரவு மூன்றாம் முறையாக எழுந்திருந்த மகள், தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே அந்தக் காகிதத்தை வாசிப்பதை அடுத்த அறையில் படுத்தபடி கேட்டேன். 'நாணல்களுக்கிடையே' என்ற சொல்லில் நாக்கு இடறியது, திரும்பத் தொடங்கினாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். பிறகு காகிதத்தைக் கீழே வைத்த ஓசை கேட்டது. "யானை தூங்குது... நாணல் தூங்குது... நீயும் தூங்குடி தங்கம்" என்று அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் சிணுங்கல் அடங்கி, தூளிக் கயிறு உத்தரத்தில் உராயும் சத்தம் மட்டும் கேட்டது.

தாயைக் காணாமல் அலையும் குட்டியை, நடுநிசியில் ஒரு தாயின் கையிலேயே கொடுத்தேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. அதைவிடப் பெரிய பிழை வாக்கியத்தில் இருந்தது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்பதால், நீண்ட வாக்கியம் ஒன்றை வாசிப்பவர் அது வரும்வரை மற்றவற்றை எல்லாம் மனத்தில் ஏந்திக்கொண்டே நடக்க வேண்டும். பகலில் அந்த நடை சுகமானது, எனக்கு மிகவும் பிரியமானதும்கூட. ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவளுக்கு அது தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். மேலும் 'தூங்குகிறது' என்று நாம் அச்சிட்டாலும், தூளியருகே உட்கார்ந்தவள் 'தூங்குது' என்றுதான் சொல்வாள். 'தூங்குது' என்றே போடலாமா என்று நண்பரான ஒரு தமிழாசிரியரைக் கேட்டேன். குழந்தையின் காதில் முதலில் விழுவது நல்ல தமிழாக இருக்க வேண்டாமா என்று அவர் வருந்தினார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும், தாலாட்டு என்ற சொல்லில் உள்ள 'தால்' நாக்கைக் குறிப்பது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவதும் தாலப் பருவமே. நாவுக்குச் சிரமமில்லாததே தாலாட்டு என்று நான் அர்த்தம் செய்துகொண்டு, 'தூங்குது' என்றே வைத்தேன்.

இந்தச் சமயத்தில் எனக்குப் பெரிதும் துணை நின்றது, மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்து, 1947இல் நியூயார்க்கில் வெளிவந்த 'குட்நைட் மூன்' என்ற சின்னஞ்சிறு நூல். படுக்கையில் கிடக்கும் ஒரு முயல்குட்டி, அறையில் உள்ள பொருள்களுக்கெல்லாம் விடைகொடுப்பதைத் தவிர அதில் நிகழ்ச்சி என்று எதுவும் இல்லை. ஆனால் படத்திலுள்ள கடிகாரம் ஏழு மணியிலிருந்து எட்டு மணி பத்து நிமிஷம்வரை நகர்கிறது; ஜன்னலில் நிலவு ஏறுகிறது; வண்ணப் பக்கங்களில் அறையின் வெளிச்சம் சிறிது சிறிதாகக் குறைகிறது. இருள் வளர்வதையே ஒரு கதையாக்கலாம் என்ற துணிவை நான் அதனிடம்தான் பெற்றேன்.

என் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள் தூங்கும். சொம்பு தூங்கும், விசிறி தூங்கும், வாசற்படியில் அப்பாவின் செருப்பு தூங்கும், முருங்கை மரம் கடைசியாகத் தூங்கும். ஒரு பதிப்பாளர், "இதிலிருந்து குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்?" என்று நியாயமாகவே கேட்டார். ஒன்றும் கற்றுக்கொள்ளாது, இது வாசிக்கிறவளுக்கான நூல் என்றேன். நம் கிராமத்துத் தாய்மார், குழந்தையை யார் அடித்தார் என்று கேட்கும் சாக்கில் பிறந்த வீட்டின் ஏக்கத்தையும் புகுந்த வீட்டின் வலியையும் தொட்டிலருகேதான் பாடித் தீர்த்தார்கள். பகலெல்லாம் பேச வழியில்லாதவளுக்கு அந்த வேளையில்தான் வாய் கிடைத்தது. அச்சிட்ட நூல் எவளுடைய துக்கத்தையும் அறியாது. அவள் தன் சொல்லைச் சேர்த்துக்கொள்ள இடம்விட்டு எழுதலாம், அவ்வளவுதான். அதனால் பக்கத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் நான் எழுதவில்லை.

முடிவுப் பக்கத்துக்கு மட்டும் வெகுநாள் வாக்கியம் அமையவில்லை. வீட்டில் எல்லாம் தூங்கியபின் எஞ்சியிருப்பவள் தாய், அவளைத் தூங்கவைக்கும் ஒரு வரியை எழுதிக் காட்டியபோது, நூலுக்குப் படம் வரைந்த ஓவியர் தயங்கி, "அம்மாவும் தூங்கிட்டா, இந்த வரிய யாருங்க வாசிப்பாங்க?" என்று கேட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது அந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லை; சுவரில் சாய்ந்து கண்மூடிய ஒரு பெண்ணும், தூளியின் விளிம்பைப் பிடித்தபடியே இருக்கும் அவள் கையும், வெளியே முருங்கை மரமும் மட்டும் இருக்கின்றன.