நம்ம பையன்

துவாஸ் லிங்க் எம்ஆர்டியில் இறங்கி, பேருந்து பிடித்து அந்தத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். நேர்முகம் ஐந்து நிமிஷம்கூட இல்லை. "மாண்டரின் பேசுவீங்களா?" தெரியாது என்றேன். அவ்வளவுதான். பம்ப் பராமரிப்புக்குப் பயிற்சி மாணவர் வேணும்னு போட்ட விளம்பரத்தில் மொழியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கோபம் வந்தது. அது நியாயமான கோபம்தான்னு இன்றும் நினைக்கிறேன். 2025 ஜனவரியில் நம் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், சமயம், மொழி, வயது போன்றவற்றைக் காட்டி ஒருவரைத் தள்ளக்கூடாது. வேலைக்கு உண்மையிலேயே ஒரு மொழி தேவைன்னா கேட்கலாம். 2027 இறுதியில் நடைமுறைக்கு வருமாம். ஆனால் 25 பேருக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு.

இரண்டு வாரம் கழித்து எனக்கு இடம் கிடைத்தது அப்படியொரு சின்ன நிறுவனத்தில்தான். அதுவும் துவாஸ். முதலாளி அங்கிளுக்குத் தைப்பூசக் காவடிக் குழுவில் அப்பாவோடு பழக்கம். "நம்ம பையன், வரச் சொல்லுங்க" என்றார். நேர்முகமே இல்லை. (நம்ம இளையர் குழுவிலும் சிலருக்கு இப்படித்தானே?)

சேர்ந்த மூணாம் நாள் கோப்புகளை அடுக்கச் சொன்னார்கள். என் இடத்துக்கு வந்த ஏழு விண்ணப்பங்கள் அதில் இருந்தன. ஒருவர் மலாய்ப் பெண். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இதே துறை, கப்பல் பட்டறையில் ஆறு மாத அனுபவம். எனக்கு அனுபவமே கிடையாது. அவங்களை யாரும் கூப்பிடவில்லை.

முதல் முதலாளி செய்ததைப் பாரபட்சம்னு சொன்னேன். அங்கிள் செய்ததை உதவின்னு சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"தெரிஞ்சவனை நம்புறது தப்பாடா?" என்று அப்பா கேட்டார். தப்பில்லை. சின்ன கம்பெனியில் ஒரு ஆள் சரியில்லைன்னா நஷ்டம் பெரிசு. ஆனா ஏழு பேரையும் பார்த்துட்டு அப்புறம் என்னை எடுத்திருந்தால், அந்த நாற்காலியில் நான் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

விலகினேனா? இல்லை. பட்டத்துக்கு அந்தப் பயிற்சி கட்டாயம். கடைசி வாரம் அங்கிளிடம் மட்டும் கேட்டேன்: "அடுத்த தடவை விண்ணப்பிச்ச எல்லாரையும் கூப்பிட்டுப் பார்ப்பீங்களா?"

சிரித்தார். "அடுத்த வருஷம் உன் தம்பி வரணும்னு அப்பா சொன்னாரே. அவனையும் வரிசையில நிக்கச் சொல்றியா?"

ஆமாம்னு சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.