மறுமுனை

1983 அக்டோபர் 13இல் சிகாகோவில் தொடங்கிய அனலாக் செல்லுலார் சேவையை, 2008 பிப்ரவரி 18 முதல் நிறுத்திக்கொள்ள அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. காருக்குள் திருகி வைத்த போன்கள் அன்றோடு பழுதாகிவிடவில்லை. டிக்கியிலுள்ள பெட்டி இன்றும் 3 வாட் சக்தியில் கூப்பிடத் தயார். கேட்கத்தான் கோபுரம் இல்லை. பழுது என்பதைப் பொருளின் குணமாகவே நினைத்து வந்திருக்கிறோம். இங்கே பொருள் முழுசாக இருக்கிறது, உறவு செத்துவிட்டது.

சிலர் ரிசீவருக்குள் புளூடூத் பலகை பொருத்தி, சட்டைப்பையிலுள்ள செல்போனின் குரலை அதில் வரவழைக்கிறார்கள். சுருள் வயர், கனம், பொத்தான்கள் பழையவை, பேசுவது வேறொன்று. ஏமாற்று என்று சொல்லிவிடலாம். நானும் முதலில் சொன்னேன். ஆனால் எதையும் தொடாமல் துடைத்து மட்டும் வைக்கிறவன் எதைக் காப்பாற்றுகிறான்? பேசுவதற்கென்று செய்த பொருளல்லவா அது.

இன்னும் பிடிவாதமான சிலர் உண்டு. போனில் கை வைப்பதில்லை. கணினியோடு சின்ன ரேடியோவை இணைத்து, மேஜைமேலேயே பழைய கோபுரத்தைப் போலி செய்கிறார்கள். முன்னதில் ஏமாறுவது, சம்மதத்தோடுதான், மனிதன்; இதில் போன். அதைப் பொறுத்தவரை வலைப்பின்னல் இன்னும் சாகவில்லை.

மணி அடிக்கிறது. எடுக்கிறார். கூப்பிட்டவரும் அவரேதான்.