பேசிக் மாடல் என்று யார் சொன்னது?

மதுரை திருநகர் மூன்றாவது பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். "போட்டோகிராஃபி பிடிக்குமா?" என்றால், "உயிர் சார்" என்பார்கள். "அப்படியானால் எடுத்த படத்தைக் காட்டு" என்றதும் முகம் மாறும். "நல்ல கேமரா ஒன்னு வாங்கணும் சார். வாங்கிட்டேன்னா அப்புறம் பாருங்க." வீட்டு பீரோவைத் திறந்தால், கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா வாங்கித் தந்த டிஎஸ்எல்ஆர், பையோடு உறங்கிக்கொண்டிருக்கும். "இது என்னப்பா?" என்றால், "அது வெறும் பேசிக் மாடல் சார்" என்று பதில் வரும்.

தம்பி, தங்கையே, அந்தப் பையைத் திற. உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். பிறகு பேசு.

2003-இல் கேனான் 300டி வந்தது. ஆயிரம் டாலருக்குக் கீழே விற்ற முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். 6 மெகாபிக்சல். அன்று அதை வாங்கியவர்கள் பொக்கிஷம் கிடைத்ததுபோல் கொண்டாடினார்கள். இன்று உன் பீரோவில் கிடக்கும் கேனான் 1500டி-யிலோ, நிக்கான் டி3500-இலோ 24 மெகாபிக்சல் இருக்கிறது. நான்கு மடங்கு! அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கறாராக அச்சிட்டாலும் 20 அங்குலத்துக்கு 13 அங்குலப் படம் வரும். கல்யாண ஆல்பத்தின் முழுப் பக்கத்துக்கு அது தாராளம்.

அது மட்டுமா? உன் கேமராவின் சென்சார் பெரும்பாலான செல்போன்களில் இருப்பதைவிடப் பல மடங்கு பரப்பு கொண்டது. பரப்பு பெரிதானால் வெளிச்சம் அதிகம் சேரும். அந்தி மங்கலிலும் முகத்தின் நிறம் சேறாகாமல் நிற்கும். 'ரா' வடிவத்தில் எடுத்தால், நிழலுக்குள் ஒளிந்த விவரத்தைக் கம்ப்யூட்டரில் வெளியே கொண்டுவரலாம். ஷட்டர் வேகம் நொடியில் 4,000-இல் ஒரு பங்கு வரை போகும். ஐஎஸ்ஓ, அப்பெர்ச்சர், ஷட்டர் மூன்றையும் உன் விரலின் கட்டுப்பாட்டில் தரும் 'எம்' என்ற எழுத்து, லட்ச ரூபாய் கேமராவின் டயலில் இருப்பதுபோலவே இதிலும் இருக்கிறது. டி3500 பேட்டரியையும் கார்டையும் சேர்த்து 415 கிராம்தான். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 1,550 படம் என்பது நிக்கான் தரும் கணக்கு. பெண் அழைப்பில் தொடங்கி மறுநாள் முகூர்த்தம் வரை அது சோர்ந்து போகாது. நீதான் அதற்கு முன்னால் சோர்ந்து போகிறாய்!

கொஞ்சம் வரலாற்றைப் பார். 1858-இல் லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாணத்தின் புகைப்படக்காரராக நம் மதுரைக்கு வந்தார். எடுத்துவந்த கேமராவோ பெரிய மரப்பெட்டி. அதற்குள் ஓர் அடிக்கு மேல் அகலமான காகித நெகட்டிவ். அதில் உருவம் பதியும்வரை எதிரே இருப்பது அசையக் கூடாது; அசைந்தால் கலங்கிவிடும். எடுத்தது சரியா என்று பார்க்கப் பின்பக்கம் திரை கிடையாது. ரசாயனமும் வெயிலும் ஒத்துழைக்க வேண்டும். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு திருமலை நாயக்கர் மகாலை எடுத்தார், தெப்பக்குளத்தை எடுத்தார், யானைமலையை எடுத்தார். அந்தப் படங்களை உலகம் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவரிடம் இல்லாத வசதி அத்தனையும் உன் கழுத்தில் தொங்குகிறது. நீ இன்னும் என்ன குறை சொல்லப் போகிறாய்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

கேமராவை எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போ. திருநகரிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். சமணர் மலையில் செட்டிப்புடவு என்ற குகை இருக்கிறது. உள்ளே கூரைச் சரிவில் தீர்த்தங்கரர்களுக்குப் பக்கத்தில், சிங்கத்தின் மேலேறி யானையோடு போரிடும் இயக்கியின் புடைப்புச் சிற்பம். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உளி வேலை. 'ஆட்டோ'வில் வைத்து அழுத்தினால் ஃபிளாஷ் தானாக எழுந்து நின்று வெட்டும். சிற்பம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் தட்டையாகிவிடும். "பேசிக் மாடல், அவ்வளவுதான் வரும்" என்று திரும்பி வருவாய். அதுதான் தோல்வி!

அங்கேயே நில். ஃபிளாஷை மடக்கு. டயலை 'எம்'முக்குத் திருப்பு. ஐஎஸ்ஓ 400, அப்பெர்ச்சர் 5.6, ஷட்டர் ஒரு நொடி. ஸ்டாண்ட் இல்லையா? தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்துப் பாறையில் போட்டு, அதன் மேல் கேமராவை வை. விரல் பட்டு ஆடாமலிருக்க இரண்டு நொடி டைமரைப் போடு. இப்போது குகை வாயிலிலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சம் மட்டுமே கல்லின் மேல் விழும். யானையின் துதிக்கைக்குக் கீழே நிழல் தங்கும். இயக்கியின் கை பாறையை விட்டு வெளியே வருவதுபோல் எழும். முதல் படம் இருட்டாக வந்தால் நொடியைக் கூட்டு; வெளுத்தால் குறை. பின்பக்கத் திரை உடனே பதில் சொல்லிவிடும். அதே கேமரா, அதே 18-55 கிட் லென்ஸ். மாறியது உன் தலை மட்டும்தான்.

தைப்பொங்கல் அன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் நின்று பார். வாடிவாசல் திறந்து காளை பாய்கிற நேரம் கண்ணிமைக்கும் நேரம். டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரில் நீ பார்ப்பது திரையில் ஓடும் காட்சி அல்ல. கண்ணாடி வழியே வரும் அசல் வெளிச்சம். அதில் தாமதமே கிடையாது. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கில் வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியைத் திமிலில் நிறுத்து. டி3500 நொடிக்கு ஐந்து படம் எடுக்கும். விலை கூடிய கேமரா இருபது எடுக்கலாம். ஆனால் காளை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை எந்தக் கேமராவும் உனக்குச் சொல்லாது. மாட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்தான் சொல்லும். அந்தக் கண்ணை எந்தக் கடையில் வாங்குவாய்?

குறையே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஃபோகஸ் புள்ளிகள் குறைவு. டி3500-இல் 11, 1500டி-யில் 9. மழைத்தூறலைத் தாங்கும் உடம்பு கிடையாது. ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போனால் படத்தில் புள்ளி தெறிக்கும். சரி, தெரிந்துகொண்டாய் அல்லவா? புள்ளி குறைவென்றால் நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு ஃபிரேமை நகர்த்து. மழையென்றால் பாலித்தீன் பையைச் சுற்று. வெளிச்சம் போதவில்லையென்றால், பாடியை மாற்றாமல் 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடு. கிட் லென்ஸை அதே 50 எம்எம் வரை ஜூம் செய்தால் உள்ளே வருவதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் வரும். குறையை அறிந்தவன் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடிப்பான். குறையைச் சொல்லிக்கொண்டிருப்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான்.

நம் மதுரைக்காரர் பழனிக்குமாரைப் பார். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன். பொறியியல் படித்தவர். அவர் கேமராவைத் திருப்பியது யார் பக்கம்? மலக்குழிக்குள் இறக்கிவிடப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் பக்கம்; உழைத்துத் தேய்ந்த பெண்கள் பக்கம். 2017-இல் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2022-இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதாளர் ஆனார். அவர் படங்களைப் பார்த்து நெஞ்சு கனத்துப்போனவர் யாராவது, "எந்த மாடலில் எடுத்தார்?" என்று கேட்டிருப்பாரா? யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கேதான் அவர் வென்றார்.

உனக்கு மட்டும் ஆட்கள் இல்லையா? ஹார்விபட்டியில் மில் வேலைக் கதைகளைச் சுமந்திருக்கும் பெரியவர்கள் இல்லையா? திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாயில் கொக்கும் நாரையும் இறங்கும் காலை உனக்காகக் காத்திருக்கவில்லையா? விடிவதற்கு முன்னால் பூக்கடை திறக்கும் அக்காவின் கை தினமும் உன் கண்ணில் படவில்லையா? கதை உன் தெருவில் நடக்கிறது; நீயோ யூடியூபில் அடுத்த மாடலின் விமர்சனம் பார்த்துக்கொண்டிருக்கிறாய்!

இஎம்ஐ போட்டுப் புதுக் கேமரா வாங்கினால் கடன் நிச்சயம், கலை நிச்சயமில்லை. முதலில் கையிலிருக்கும் கேமராவை முழுதாகப் பயன்படுத்தித் தீர்த்துவிடு. இந்தக் கேமராவால் முடிந்ததையெல்லாம் எடுத்து முடித்து, "இனிமேல் இதில் முடியாது" என்று படங்களை வைத்து நிரூபிக்க முடிந்த அன்று அடுத்ததை வாங்கு. அன்றைக்கு அதற்கான பணத்தை இதுவே சம்பாதித்துக் கொடுத்திருக்கும்.

எழுந்திரு. பீரோவைத் திற. பேட்டரியை சார்ஜில் போடு. இன்று இரவே டயலை 'எம்'முக்குத் திருப்பி வைத்துவிட்டுப் படு. நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் தெருவில் இறங்கு. நீ எடுக்காத படத்தை உனக்காக வேறு எவரும் எடுக்கப் போவதில்லை!